எலும்பு போட்ட பட்டாணிப் பருப்பு

இந்த டச்சு நாட்டில் சூப்பு என்றால் அதில் கரண்டி நிற்க வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்து வைப்பதல்ல. நட்டநடுவில் குத்தி நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். விழாமல் நின்றால் சமைத்தவர் சுற்றியுள்ளவர்களைப் பெருமையாக ஒரு பார்வை பார்ப்பார். விழுந்தால், "நாளைக்கு நிற்கும்" என்று சொல்லி மூடி வைத்துவிடுவார், ஏனென்றால் ஒரு நாள் கிடந்தால் இது இன்னும் கெட்டிப்படும். உத்திரமேரூரில் நான் குடித்த சூப்பெல்லாம் பஸ் ஸ்டாண்டு ஓரத் தள்ளுவண்டியில் மிளகுத்தூள் தூவித் தம்ளரில் ஊற்றித் தரும் வெந்நீர். அதில் எதையாவது நிறுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. இங்கே குளிர் கொஞ்சம் இறங்கினால் போதும், ஆபீஸில், பஸ்ஸில், கடை வரிசையில், எல்லாரும் இதையேதான் பேசுகிறார்கள். முழுப் பெயர் எர்த்தன்சூப். செல்லமாக ஸ்நெர்ட். பொங்கல் சமயத்தில் நம்மூர்க் கடைத்தெருவில் கரும்பையும் மஞ்சள் கொத்தையும் சேர்த்து விற்பார்கள் அல்லவா, அதைப்போலக் கேரட், தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ், ஒரு துண்டு செலரிக் கிழங்கு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, "சூப்புக்கு" என்று எழுதி விற்கிறார்கள். அந்தக் கட்டுக்குப் பக்கத்திலேயே, அரைக்கிலோ அரைக்கிலோவாக, சூப்பின் மூலப்பொருள் அடுக்கியிருந்தது. எட்டிப் பார்த்தேன். பட்டாணிப் பருப்பு. நம்முடையது மஞ்சள், இது பச்சை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கடை நடைபாதையில் தனியாக நின்றுகொண்டு பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்குப் பாதி புரிந்திருக்கும். பட்டாணிப் பருப்பு என்பது துவரம் பருப்பு வாங்க முடியாதபோது வாங்குவது. விருந்தாளி வந்தால் துவரம் பருப்பு, நமக்கென்றால் இது. வேகும்போது நன்றாகத்தான் இருக்கும், ஆறியதும் இறுகிப்போய்ச் சோற்றின் மேல் மெழுகு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பருப்பில் எலும்பு விழும். பன்றி எலும்பு. கறி வாங்கினால் எல்லாருக்கும் போதாது என்பதால் எலும்பும் காலும் வாங்கிப் பருப்போடு வேகவைப்பது அம்மாவின் வழக்கம். அப்பா அதை வாங்கி வரும் விதம் தனி. கறுப்பு பிளாஸ்டிக் கவர் ஒன்றுக்குள் இன்னொன்று போட்டு, ஊர்த்தெரு வழியாக வராமல் ஏரிக்கரை மேலாகச் சுற்றிக்கொண்டு வருவார். "நேர் வயில வந்தா இன்னாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "காத்து நல்லாக்கீது, அதான்" என்றார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பருப்பு மட்டும் டப்பாவில் போகும், எலும்பு போகாது. வாசனை மட்டும் சொல்பேச்சு கேட்காமல் கூடவே வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருநாள் மூக்கைச் சுளித்து, "இன்னாடி இது?" என்றாள். "சாம்பாரு" என்றேன். "எங்க வூட்டு சாம்பாரு இப்பிடி இருக்காதே" என்று தன் டப்பாவை ஒரு சாண் தள்ளிவைத்துக்கொண்டாள். தள்ளிவைத்தபிறகு என்னோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் டப்பாவைத் தள்ளிவைப்பது கோபம் அல்ல, பழக்கம்.

ஐந்தோவன் நகரத்தில் எனக்குப் படிப்பு கிடைத்தது, படிப்பு முடிந்ததும் வேலையும் கிடைத்தது. அறைதான் கிடைக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்: இங்கே வேலையைவிட அறைதான் அபூர்வம். நகராட்சியில் ஒரு முகவரியில் உங்கள் பெயர் பதிவாகவில்லை என்றால் வங்கிக் கணக்கு இல்லை, டாக்டர் இல்லை, சம்பளத்தை எங்கே போடுவது என்று கம்பெனி கையைப் பிசையும். தங்க இடம் தருகிறவர்கள்கூடப் பெயர் பதிய இடம் தர மாட்டார்கள். சிநேகிதிகளின் சோபாக்களில் சுருண்டுகொண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு திரிந்த காலத்தில்தான், இங்குள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் முரளி அண்ணன் என் வேண்டுகோளைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "உத்திரமேரூரா? அட, நம்ம ஊரு பொண்ணு! எனக்கு புள்ளலூரு. வூட்டுக்காரிக்குத் திருப்புலிவனம். மேல ரூம்பு சும்மாதான் கீது, வாம்மா. பேரும் பதிஞ்சிக்கோ." போனை வைத்துவிட்டு ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழுகை சீக்கிரம் வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம்.

அவருடைய மனைவி கலா அண்ணி முதல் நாளே இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டார்: "உத்திரமேரூர்ல எந்தாண்டம்மா?"

"பஸ் ஸ்டாண்டுலர்ந்து செங்கல்பட்டு ரோட்ல வந்து கொஞ்சம் உள்ள போவணும் அண்ணி."

"அப்பா இன்னா பண்றாரு?"

"கெவருமெண்டு பஸ்ல கண்டக்டரு."

"நல்லதாப் போச்சி. இன்னொண்ணு வெச்சிக்கோ, எளச்சிப்போயிக்கீற."

அரசாங்க வேலை, படித்த பெண், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. இதை வைத்துக்கொண்டு அண்ணி தன் மனத்துக்குள் என்னை எந்தத் தெருவில் குடிவைத்தார் என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ நல்ல இடத்தில்தான் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அதன்பிறகு அந்த வீட்டில் நான் விருந்தாளியாகவே இல்லை. அண்ணியின் உருளைக்கிழங்கு வறுவலில் என் பங்கு தனியாக மூடி இருக்கும். மப்ளர் சுற்றாமல் சைக்கிளை எடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். நான் அரைத்த தேங்காய்ச் சட்னியை, "எங்க அம்மா கைப்பக்குவம்டி உனக்கு" என்று அவர் விரலால் வழித்து நக்கிய நாட்கள் நிறைய. இதையெல்லாம் எழுதாமல் விட்டுவிட்டால் பின்னால் வருவது சுலபமாகிவிடும். அது சுலபமாக இருக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி அன்று பக்கத்து வீட்டு கெர்ட் கதவைத் தட்டினார். கெர்ட் பஸ் ஓட்டுகிறவர். பெரிய உருவம், சிவந்த மூக்கு, வீட்டில் அவர் மட்டும்தான். இங்கே வீடுகள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒட்டியிருக்கும். அவர் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கைகளில் தடித்த உறை மாட்டிக்கொண்டு, ஆவி பறக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். வருஷா வருஷம் முதல் உறைபனிக்கு இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் ஸ்நெர்ட் கொடுப்பது அவர் வழக்கமாம், அண்ணன் இந்த வீட்டுக்குக் குடிவந்தபிறகு இதுதான் முதல் குளிர்காலம். மூடியைத் திறந்ததும் அண்ணி என்னைப் பார்த்தார்.

"இதுல இன்னா போட்டுக்கிறாராம், கேளு."

எனக்கு டச்சு பேசுவதில் ஆசை அதிகம். கேட்டுச் சொன்னேன். "பட்டாணிப் பருப்பு. பன்னிக் காலு, பன்னி எலும்பு. மேல மெதக்கறது பொகையில வாட்டன சாசேஜு, அதுவும் பன்னிதான்."

முரளி அண்ணன் சிரித்தார். "வந்த ஊர்ல இன்னா கீதோ அத்தத்தான் துன்னணும். ஊத்து கலா."

"ஊர்ல எவனாண்டயும் ஒளறிவெக்காத, ஆமா" என்றார் அண்ணி. ஒரு கிண்ணம் சாப்பிட்டார். மிளகுத்தூளைத் தட்டிக்கொண்டு இன்னொரு கிண்ணமும் சாப்பிட்டார். "வெள்ளக்காரன் உப்பு ஒறைப்பு இல்லாம துன்றான்னு சொல்றாங்களே, இது நல்லாத்தானே கீது?" பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாதென்று முறுக்கு நிரப்பி கெர்ட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார்.

நான் முதல் வாய் வைத்தபோதே தெரிந்துவிட்டது. மிளகாய் இல்லை, சீரகம் இல்லை, ஆனால் அடியில் இருப்பது அதேதான். எலும்பின் கொழுப்பு பருப்பில் கரைந்து, பருப்பு இறுகி நாக்கில் ஒட்டும் அந்தப் பசை. எனக்கு வந்தது கோபம். ஏரிக்கரை மேலாகச் சுற்றிவந்த சோற்றை இவர்கள் தேசத்தின் சோறாக்கி, பனிச்சறுக்கு ஆடும் குழந்தைகளின் படத்தைப் போட்டு டின்னில் அடைத்து விற்கிறார்கள். ராஜா வீட்டிலும் சாப்பிடுவார்களாம், கெர்ட் சொன்னார். கோபம் போனபிறகு ஒரு குதூகலம் வந்தது. அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பன்னிக் கால கடையிலயா விக்கறான்?" அம்மா போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டது. நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"ஆமாம்மா. பளபளன்னு கண்ணாடி கவருல சுத்தி, பேரு ஒட்டி."

"உள்ள இருக்கறது தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"அத்த யாரு வாங்குவாங்க?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தாம்மா. கம்பெனில என் மேனேஜரு கூட."

அம்மாவின் நெற்றி சுருங்கியது. பிறகு, "அவங்களுக்கு இன்னா, வெள்ளயாக்கீறாங்க" என்றது.

அடுத்த சனிக்கிழமை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். நான் அப்படித்தான், ஒன்று பிடித்துவிட்டால் உடனே செய்து பார்த்தாக வேண்டும். கெர்ட்டிடம் முறையைக் கேட்டு வந்தேன். பன்றிக்காலையும் விலா எலும்பையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பேற்ற வேண்டும், கொதிக்கையில் மேலே திரளும் நுரையைப் பொறுமையாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பருப்பை ஊறவைக்க வேண்டாம், கழுவிப் போட்டால் போதும். எலும்பிலிருந்து கறி கழன்று வரும்போது கிழங்கும் கேரட்டும் லீக்ஸும். அடி பிடிக்கும், அதனால் துடுப்பைக் கையிலிருந்து இறக்கக்கூடாது. கெர்ட் முறையை இதோடு நிறுத்திக்கொண்டு, கடைசியில் அம்மா மாதிரி பூண்டும் சீரகமும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுவதாகத் திட்டம். இவ்வளவுக்கும் பெரிய பாத்திரம் வேண்டும். அண்ணியே மேலடுக்கிலிருந்து தன் எவர்சில்வர் குண்டானை இறக்கிக் கொடுத்தார். கல்யாணச் சீராக வந்தது, விமானத்தில் துணி சுற்றிக் கொண்டுவந்தது. கழுத்துப் பகுதியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: கோ. கலாவதி, திருப்புலிவனம்.

அண்ணி எனக்கு எதிரே உட்கார்ந்து, கடைசியில் மேலே தூவ இன்னும் கொஞ்சம் லீக்ஸ் நறுக்கினார். வெளியே மழையும் பனியும் கலந்து ஏதோ விழுந்துகொண்டிருந்தது. சன்னலெல்லாம் ஆவி. அண்ணி தன் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோய் மாமனார் போட்ட ரகளையைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் துடுப்பால் கிளறியபடி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் காய்ந்ததும் பூண்டைப் போட்டேன். சடசடவென்று பொரிந்த வாசனை எலும்புக் கொதியில் போய் விழுந்தபோது, என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணி, அப்பிடியே எங்க வூட்டு வாசன! ஞாயித்துக்கெயம ஆனா எங்கம்மா இதான் செய்யும். பட்டாணிப் பருப்புல பன்னி எலும்பு போட்டு. கெர்ட்டு என்னமோ இவங்க கண்டுபிடிச்ச மாதிரி பீத்திக்கறாரு, எங்கம்மா அவருக்கே கத்துக்குடுக்கும்."

"பன்னி எலும்பா? உங்க வூட்லயா?"

"ஆமா அண்ணி! காலு கெடச்சா இன்னும் விசேஷம். எங்கப்பா..." என்று இன்னும் நாலு வாக்கியம் பேசிவிட்டேன். எனக்குப் பேச்சு வேகம். கத்தி நின்றுவிட்டதைக் கண் பார்த்துவிட்டது, வாய்க்குச் செய்தி வந்து சேரவில்லை.

"அப்பிடியா" என்றார் அண்ணி. அந்த 'யா' கொஞ்சம் நீளமாக இருந்தது. நறுக்கிய லீக்ஸைப் பலகையோடு என் பக்கம் தள்ளிவைத்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவினார், சோப்புப் போட்டு, முழங்கை வரை. பிறகு மாடிக்குப் போய்விட்டார்.

கெர்ட்டின் வாயிலிருந்து வந்திருந்தால் அந்த வாக்கியம் வெறும் சமையல் குறிப்பு. என் வாயிலிருந்து வந்ததால் அது என் தெருவின் பெயர். இந்தத் தப்பை இந்த நாட்டில் பிறந்த யாராலும் செய்யவே முடியாது, ஆசைப்பட்டாலும் முடியாது. அதற்கு எங்கள் தாலுக்காவிலேயே பிறந்திருக்க வேண்டும், கேட்கிறவரும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும்.

முரளி அண்ணன் நனைந்துகொண்டு உள்ளே வந்தார். "இன்னா வாசன! இன்னா வாசன!" என்று நேராக அடுப்பண்டை போய் மூடியைத் திறந்து, கிண்ணத்தை எடுத்துவிட்டார். மாடியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, இன்னிக்கிக் கிருத்திக. மறந்துட்டீங்களா?"

அண்ணன் மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். சமையலறைச் சுவரில், காஞ்சிபுரத்து நகைக்கடை கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது ஊருக்குப் போனால் அதைத்தான் அண்ணி வருஷா வருஷம் மறக்காமல் வாங்கிவரச் சொல்வார். அன்றைய தாளில் கிருத்திகை இல்லை. அண்ணனுக்கும் அது தெரிந்தது, அவர் பார்த்ததை நான் பார்த்ததும் தெரிந்தது. கிண்ணத்தை அலமாரியில் கவிழ்த்துவைத்துவிட்டு, மூடியைச் சத்தம் வராமல் பொருத்திவிட்டு மேலே போனார்.

அந்தக் குண்டான் நிறைய இருந்ததை நான் ஒருத்தியே சாப்பிட்டேன். திங்கள் வரை, செவ்வாய் வரை. கரண்டி நன்றாகவே நின்றது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், வாய்த்துடுக்கு எனக்கு நிறைய. நான் குடிக்கும் தம்ளர் மட்டும் மற்ற தம்ளர்களை விட்டுச் சன்னல் திட்டுக்கு இடம் மாறியது. வறுவல் மூடிவைக்கப்படவில்லை. மப்ளர் இல்லாமல் சைக்கிள் எடுத்தேன், யாரும் கத்தவில்லை. இந்த நாட்டுக் குளிர் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது என்று எழுதினால் அலங்காரமாகப் படும். ஆனால் காது உண்மையிலேயே வலித்தது.

ஒரு ஞாயிறு காலை அண்ணன் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். அறைக்குள் வரவில்லை, படியில் நின்றபடியே பேசினார்.

"எங்கம்மா வராங்கம்மா. மூணு மாசம் இருப்பாங்க. ரூம்பு வேணும்."

"எப்ப வராங்கண்ணா?"

"டிக்கெட்டு இன்னும் போடல."

"பேரு பதிஞ்சது இந்த வூட்லதான் கீது. நான் வேற எடம் பாக்கற வரைக்கும்..."

"பாரு, பாரு. ஒரு மாசத்துல பாத்துக்கோ. தப்பா எடுத்துக்காத. எங்களுக்கெல்லாம் அந்த மாதிரி எதுவும் கெடையாது. அம்மா பழய காலத்து மனுசி, அவங்களுக்குத்தான்..."

எந்த மாதிரி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. கீழே அண்ணி நின்றுகொண்டிருந்தார், அவரிடம் கேட்டேன். "கெர்ட்டு குடுத்தத ரெண்டு கிண்ணம் சாப்ட்டீங்களே அண்ணி. அதுவும் அதேதானே?"

அண்ணிக்குக் கோபம் வரவில்லை. பாவமாகப் பார்த்தார், உடம்பு சரியில்லாதவளைப் பார்ப்பதுபோல. "அவரு வெள்ளக்காரரும்மா. அவருக்கு இன்னா தெரியும்? அவரு வேற, நீ வேற." பிறகு, போகும்போது ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, "அந்தக் குண்டான நீயே எடுத்துக்கோ. புது வூட்டுக்கு ஆவும்" என்றார்.

அண்ணியின் அப்பா கடன்பட்டுச் செய்த சீர், பேர் வெட்டின பாத்திரம். நம் பெண்கள் உயிரே போனாலும் அதைக் கைமாற்ற மாட்டார்கள். அதை அண்ணி எனக்குத் தானமாகக் கொடுத்தார். விளக்கிப் புழங்கலாம், நெருப்பில் காட்டலாம், புளி போட்டுத் தேய்க்கலாம். எதைச் செய்தாலும் இனி அது தேறாது என்று முடிவு செய்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லும் என்று நினைத்தேன். "நீ எதுக்குடி சொன்ன?" என்றது. "நான் அந்தத் திருப்புலிவனத்துல எத்தினி நடவு நட்டிருப்பேன். குனிஞ்ச தல நிமிராம வேல செஞ்சிட்டு, சோத்துக்கு நம்ம பாத்திரத்த நாமளே எடுத்துக்கினு போயி, மேலர்ந்து ஊத்தனத வாங்கிக்கினு வந்தேன். வாயத் தொறந்தனா? கப்பலேறிப் போயிக்கூட உனக்கு வாய் சும்மா இருக்கல."

"கப்பல் இல்லம்மா, பிளேனு" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டது.

அறைக்கு மறுபடியும் அலைந்தேன். கிடைத்தது ஒரே ஒரு இடம். கெர்ட் வீட்டு மாடி. அவர் மகன் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டதால் காலியாக இருந்தது. பெட்டியும் குண்டானுமாக வாசலில் நான் நிற்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. குண்டானை வாங்கி, வெட்டின எழுத்துகள் மேல் விரலை ஓட்டினார்.

"என்ன எழுதியிருக்கிறது? உன் பெயரா?"

"இல்லை. அவர்கள் பெயர். அவர்கள் ஊர்."

"ஆ! தங்கள் பெயர் போட்ட பாத்திரத்தையே உனக்குக் கொடுத்துவிட்டார்களா?" கெர்ட் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார். "நீ மறக்கக்கூடாது என்றுதான். எங்கள் ஆட்கள் இப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள். உங்களிடம் இருக்கும் இந்தப் பாசம் எங்களிடம் இல்லை."

அவருக்கு விளக்கிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஏரிக்கரையிலிருந்தா? "ஆமாம்" என்றேன்.

நகராட்சிக் கவுண்டரில் இருந்த பெண் என் பழைய முகவரியையும் புதிய முகவரியையும் கணினியில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அடுத்த கதவுக்கு மாறியிருக்கிறாய்! சுலபமாக முடிந்திருக்குமே?" சுலபமாக முடிந்தது என்றேன். பெயர் பதிவாகிவிட்டது. என் சம்பளம் பத்திரமாக வருகிறது.

குடிவந்த அன்று கெர்ட் காப்பி போட்டுக் கொடுத்து, வீட்டின் விதிகளைச் சொன்னார். இங்கே இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை. செருப்பு எங்கே, குப்பை எந்தக் கிழமை, குளியல் எவ்வளவு நேரம். கடைசியில் கொஞ்சம் தயங்கினார். "இன்னொன்று. உங்கள் சமையல். அந்த மசாலாவை எண்ணெயில் பொரிப்பீர்களே, அது வேண்டாம். சுவர் வழியாகவே எனக்கு வருகிறது, திரைச்சீலையில் ஏறிக்கொண்டால் போவதே இல்லை. உன்னைச் சொல்லவில்லை, வாசனையைச் சொல்கிறேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஸ்நெர்ட் எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள். அடுப்பு உன்னுடையது."

நான் வாடகைக்காரி. சரி என்றேன்.

நேற்று மறுபடியும் உறைந்தது. கெர்ட்டுக்கு மாலை நேரத்து பஸ், வீட்டில் நான் மட்டும். குண்டானில் காலையும் விலா எலும்பையும் போட்டு, நுரை எடுத்து, பருப்பைக் கழுவிப் போட்டு, அடி பிடிக்காமல் கிளறி, அவர் முறைப்படியே செய்து இறக்கினேன். அவர் வீட்டில் இல்லாதபோது தாளித்திருக்கலாம். எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். திரைச்சீலையைப் பார்த்தேன், திருப்பி வைத்துவிட்டேன். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு சமையலறை மேசையில், சுவரையொட்டி உட்கார்ந்தேன். அந்தச் சுவருக்கு அப்பால் அண்ணியின் அடுப்பு. குக்கர் அடங்கும் சத்தம் கேட்டது, பிறகு வாணலி வைக்கும் சத்தம். பூண்டும் காய்ந்த மிளகாயும் பொரிந்தன. செங்கல்லின் எந்தச் சந்தில் வழி கண்டுபிடித்ததோ, வாசனை இந்தப் பக்கம் வந்தது. நாற்காலியைச் சுவருக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அது தீர்ந்துபோவதற்குள் வேகவேகமாகச் சாப்பிட்டேன்.